புகையில் காய்ந்த ஷூ

நாத்தனார் சுகன்யா வியர்வை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் சண்முகவள்ளிக்கு வயிறு எரிந்தது.

அந்த மூச்சுக்குத்தான் எத்தனை மரியாதை! பூண்டி மலைச்சரிவில் படிபோல ஐந்து தட்டு நிலம் வைத்துப் பூண்டும் கேரட்டும் போடும் நல்லசாமி, சண்முகவள்ளியின் கணவன், தங்கையின் மூச்சுச் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவான்.

"பாப்பா, உக்காரு உக்காரு. ஏ வள்ளி, வெந்நி வச்சியா? கல்லுப்பைப் போட்டு எடுத்தா. பிள்ளைக்குக் காலு கடுக்கும்ல."

வெந்நீர் வரும். பிள்ளை காலை உள்ளே விடுவாள். பிறகு இரண்டு அவித்த முட்டை வரும். கொடைக்கானல் பஜாரில் இப்ராம்சா பாய் கடையில் வாங்கிய பேரீச்சம்பழம் வரும். ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்ததற்கு இவ்வளவும். வெந்நீர் வைத்து, முட்டை அவித்து, பேரீச்சம்பழ டப்பாவை எட்டி எடுத்துக் கொடுத்த சண்முகவள்ளியும் அதே ஐந்து கிலோமீட்டரைத்தான் ஓடிவிட்டு வந்திருந்தாள். அதை யாரும் ஓட்டம் என்று சொல்லவில்லை. துணைக்குப் போனாள் என்றார்கள்.

சுகன்யாவுக்கு இருபத்தேழு வயது. கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜனவரியில் மதுரையில் நடக்கும் மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் பேர் கொடுத்திருந்தாள். அதுதான் அவளுக்கு முதல் மாரத்தான். காலாண்டு விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்கு வந்தவள் பயிற்சியை இங்கேயே தொடங்கிவிடலாம் என்று ஒரு அட்டவணையையும் எடுத்து வந்தாள். உரக்கடைக் காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டியும் வைத்தாள். கட்டம் கட்டமாக இன்றைக்கு ஐந்து, நாளைக்கு ஏழு, அதற்கடுத்து ஒன்பது. நாலாவது கட்டத்தில் ரெஸ்ட் என்று எழுதியிருந்தது.

நல்லசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் படித்தான். "ரெஸ்ட்டுன்னு போட்டுருக்கே, அன்னிக்கு என்னத்தா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாதுண்ணே. நல்லாத் தூங்கணும், சாப்புடணும். அதுவும் ட்ரெய்னிங்தான்."

அடுப்படியில் இருந்த சண்முகவள்ளிக்குக் காதில் விழுந்தது. வெளியே வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தைத் தானும் படித்துப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். சும்மா இருப்பதற்குக்கூட அட்டவணை போட்டுக் காகிதத்தில் அச்சடித்திருக்கிறார்கள்! கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆயிற்று. அதில் எந்தக் கட்டத்திலும் தன் பேருக்கு நேரே அப்படி எழுதியிருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மகன் பழனிக்குமார் பிறந்த பதினோராம் நாள் களையெடுக்கப் போனவள் அவள்.

"என்ன மதினி அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் சுகன்யா.

"ஒண்ணுமில்லத்தா. எழுத்து அழகா இருக்கு."

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, அதைச் சண்முகவள்ளியே அறிவாள். சுகன்யாவை வளர்த்தது அவள்தான். அடுக்கம் கிராமத்திலிருந்து இவள் மருமகளாக வந்தபோது சுகன்யாவுக்கு ஒன்பது வயது. மாமியார் இல்லாத வீடு. தலை சீவி, பேன் பார்த்து, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று நல்லசாமி இழுத்தபோது, "பொட்டப்பிள்ளையும் என்னைய மாதிரி குனிஞ்சே கெடக்கணுமா?" என்று சண்டைபோட்டு, டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் வைத்து பஸ் வரை சுமந்து ஹாஸ்டலுக்கு அனுப்பியவளும் அவளே. தான் ஏற்றிவிட்ட ஆளைப் பார்த்துத் தானே வயிறெரிவது எந்த நியாயத்தில் சேரும்? நியாயம் தெரிந்தும் எரிந்தது.

ஏனென்றால் அவளும் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைதான். அடுக்கத்தில் பதின்மூன்று வயதுவரை ஓடினாள். பெரிய மனுஷி ஆன பதினாறாம் நாள், "இனிமே ஓடக் கூடாது" என்று அம்மா சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. காரணம் இல்லாத கட்டளைகளுக்கெல்லாம் இந்த நாட்டில் கைதான் காரணம். அதற்குப் பிறகு அவள் மூச்சிரைக்க ஓடியது இரண்டே தடவை. ஒரு தடவை, காயப்போட்ட பூண்டின் மேல் மழை வந்தபோது. இன்னொரு தடவை, காட்டுமாடு துரத்தியபோது.

அந்தக் காட்டுமாடுதான் இப்போது அவளை மறுபடியும் ஓட வைத்தது. விடியற்காலையில் ரோட்டில் காட்டுமாடு நிற்கும், ஒரு பெண் தனியாகப் போக முடியாது. "வள்ளி, நீ கூடப் போ. தடியை எடுத்துக்க, தண்ணி பாட்டிலை எடுத்துக்க. அவளுக்குக் குறுக்க போகாத, பின்னாலயே போ" என்றான் நல்லசாமி. மாட்டுக்குத் தீனி, பால், சமையல் எல்லாம் முன்பே முடிய வேண்டும் என்பதால் இன்னும் ஒரு மணி நேரம் வெள்ளனே எழுந்தாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் பாட்டில், தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. முன்னால் சுகன்யாவின் ஷூ வானநீல நிறத்தில் தாவித் தாவிப் போயிற்று. அடிப்பாகம் ஆரஞ்சு.

மூன்றாம் நாள், பக்கத்து ஊரான கவுஞ்சிக்குப் போகும் ஏற்றத்தில்தான் சண்முகவள்ளிக்கு ஒன்று புரிந்தது. சுகன்யாவின் மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் கேட்டது. தனக்கோ, கொட்டிலில் சாணி அள்ளினோமா இல்லையா என்று நினைத்துப் பார்க்கிற அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது. முந்திவிடக் கூடாதே என்று காலை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துச் சுகன்யா திரும்பினாள். "முடியுதா மதினி? கஷ்டமா இருந்தா நடந்து வாங்க. நான் திரும்பி வர்றப்போ சேந்துக்கலாம்."

"பாத்துக்கலாம், நீ போ தாயி" என்றாள் சண்முகவள்ளி. அன்றைக்குப் பூராவும் 'நடந்து வாங்க' என்ற அந்த வார்த்தை பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

கவுஞ்சியில் சுகன்யா போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். பனிமூட்டம், வளைந்த ரோடு, கலைந்த முடியோடு சிரிக்கும் சுகன்யா. வீட்டுக்கு வந்ததும் 'இன்று ஒன்பது கிலோமீட்டர்' என்று எழுதி அதை ஸ்டேட்டஸில் போட்டாள். மத்தியானத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துப் பாராட்டிவிட்டார்களாம். "நீங்க எடுத்த போட்டோ சூப்பரா வந்துருக்கு மதினி" என்று காட்டினாள். சண்முகவள்ளி பார்த்தாள். எல்லாம் இருந்தது. தடியோடு அதே ஒன்பது கிலோமீட்டர் ஓடிவந்த ஆள் மட்டும் இல்லை.

நாற்பது கிலோ பூண்டு மூட்டையைக் கீழ்த்தட்டிலிருந்து ரோடு வரை தூக்கி வந்து இறக்கிவிட்டு அவள் நின்றால், "என்ன நின்னுட்ட? இன்னும் நாலு கெடக்கு" என்பான் நல்லசாமி. ஒருத்தி களைத்தால் ஊருக்கே செய்தி, இன்னொருத்தி களைத்தால் சோம்பேறித்தனம். விரும்பிக் களைக்கிறவளுக்கு வெந்நீர். வேறு வழியில்லாமல் களைக்கிறவளுக்கு அடுத்த மூட்டை. சண்முகவள்ளிக்கு முட்டை வேண்டாம், பேரீச்சம்பழம் வேண்டாம். ஒரே ஒரு நாள் முன்னால் யாரும் இல்லாமல், கையில் தடி இல்லாமல், காலை இழுத்துப் பிடிக்காமல் ஓடிப் பார்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்த எரிச்சல் தன்னை என்ன செய்யுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அன்று மாலை கந்தம்மாள் வேலை முடிந்து கிளம்பும்போது வாசல் படியோரம் கிடந்த ஷூவைப் பார்த்து நின்றுவிட்டாள். கந்தம்மாள் புருஷனை இழந்தவள். அறுவடையானால் பூண்டுத்தாள் நறுக்கவும் கட்டுக் கட்டவும் இந்த வீட்டுக்கு வருவாள். ஒரு விரலால் ஷூவின் அடிப்பாகத்தை அமுக்கிப் பார்த்தாள்.

"ஆத்தி, பஞ்சு மாதிரி அமுங்குதே! எம்புட்டு அழகா இருக்கு. இதப் போட்டா செத்தவன்கூட எந்திரிச்சு ஓடுவான் போல."

சண்முகவள்ளி சிரித்துவிட்டாள். அடுத்த வீட்டிலிருந்து கீரை வாங்க வந்த பொன்னுத்தாய், நல்லசாமியின் சித்தி, சிரிக்கவில்லை. ஷூவையும் கந்தம்மாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

மறுநாள் அட்டவணையில் ரெஸ்ட்.

சுகன்யா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். நல்லசாமி விதைப்பூண்டு பார்க்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தான். முதல் பஸ் ஆறு ஐந்துக்குப் போன சத்தம் கேட்டது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்த சண்முகவள்ளியின் கண்ணில் ஷூ பட்டது. வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். வெடித்த குதிகாலை உள்ளே நுழைத்தாள். சற்றே பிடித்தது, அவ்வளவுதான்.

முதல் நூறு அடி யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஓடினாள். அப்புறம் பயம் பின்தங்கிவிட்டது. கால் தரையைத் தொட்டதும் தரையே அதைத் தூக்கிக் கொடுத்தது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். பூண்டுத் தட்டுகள், யூகலிப்டஸ், பனி, எல்லாம் பக்கவாட்டில் வழிந்து ஓடின. ஏற்றத்தில் அவள் முதல்முறையாக மூச்சுவாங்கினாள். தனக்காக வாங்கிய மூச்சு. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதைத்தானா இத்தனை நாள் சுகன்யா ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாள்? இதற்குமேல் முட்டை வேறா?

கவுஞ்சி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கிளாஸைப் பாதி வழியில் நிறுத்திப் பார்த்தார்கள். அவள் கடைக்கு எதிரே திரும்பி வந்த வழியே ஓடினாள்.

ஊர் எல்லையில், லாரி இறங்கி ஏறிய பள்ளத்தில், வலது கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. பிடுங்க இடது காலை ஊன்றினாள், அதுவும் இறங்கியது. வீட்டுக்கு வந்தபோது வானநீலம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நிறம் வந்துவிட்டது. ஆனால் ஷூ தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனத்தது. வானத்தைப் பார்த்தாள். நாலு நாளாக வெயில் இல்லை, இன்னும் நாலு நாளைக்கு இருக்கும் என்றும் தோன்றவில்லை.

பூண்டியில் ஈரமான எதற்கும் ஒரே வழிதான். அறுவடையான பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிக் கொட்டகையில் வரிசை வரிசையாகக் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகைய விடுவார்கள். புகை பட்டால்தான் பூண்டு அழுகாது, முளைக்காது, மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் புகையில்தான் மழைக்காலத்தில் கம்பளி காயும், பிள்ளைகளின் யூனிபார்ம் காயும், சாக்குக் காயும். சண்முகவள்ளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பின்வரிசைக் கழியில் இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஷூவை நாடாவால் கட்டித் தொங்கவிட்டாள். மத்தியானத்துக்குள் எடுத்துப் படியோரம் வைத்துவிட்டால் போயிற்று. ரெஸ்ட் நாளில் ஷூவை யார் தேடப்போகிறார்கள்?

ஆனால் பால் வண்டி வந்து போன பிறகு நல்லசாமி வந்தான். கேரட் காட்டில் களை மண்டிக் கிடக்கிறது, போ என்று அவளை மேல்தட்டுக்கு அனுப்பினான். தானே கொட்டகையைப் பார்த்தான். முந்தாநாள் தொங்கவிட்ட கட்டுகள் இன்னும் ஈரமாக இருந்தன. நெருப்பு மங்கியிருந்தது. நன்றாகக் காய்ந்த கட்டை இரண்டை எடுத்து உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்கு அவள் மூச்சிரைக்க வந்து கொட்டகையைத் திறந்தபோது, ஷூவின் அடிப்பாகம் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு ரப்பர் சுருங்கி, உரித்த வாழைப்பழத் தோல்போல் சுருண்டிருந்தது. வானநீலம் டீ நிறத்துக்குப் போய்விட்டது. சண்முகவள்ளி அதை அவிழ்த்தாள். ஐந்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வாழ்க்கையில் செய்த மிகக் கோழைத்தனமான காரியத்தைச் செய்தாள். ஷூவைப் படியோரம் பழைய இடத்திலேயே சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.

ஐந்து மணிக்குச் சுகன்யா போட்ட கூச்சலில் பொன்னுத்தாய் கீரையோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, என் ஷூ! என் ஷூவைப் பாருங்க!"

நல்லசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நேத்துச் சாயங்காலம் நல்லாத்தானே கெடந்துச்சு? எலி கடிச்ச மாதிரியும் இல்ல. தன்னால எப்படி வாயப் பொளக்கும்?"

"தன்னால எப்படிப் பொளக்கும்?" என்றாள் பொன்னுத்தாய். "நேத்து அந்தக் கந்தம்மா வெரலை வச்சு அமுக்கிப் பாத்தா. 'எம்புட்டு அழகா இருக்கு'ன்னு வாயத் தொறந்து சொன்னா. நான்தான் பாத்துக்கிட்டு நின்னேனே. தாலி இல்லாதவ கண்ணு சும்மா விடுமாடா? போன வருசம் சினை மாடு செத்துச்சே, அதுக்கு மொத நாளும் அவதான் மாட்டைத் தடவிக் குடுத்தா."

"கண்ணு பட்டா ரப்பர் உருகுமா சித்தி?" என்றாள் சுகன்யா. அவ்வளவுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதாவிட்டால் மார்க் குறைக்கிற டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். பொன்னுத்தாய் உப்பையும் மூன்று காய்ந்த மிளகாயையும் அவள் தலையைச் சுற்றினாள். நட்டம் வந்துவிட்டால் படித்தவர்களுக்கும் ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது.

மிளகாயைப் பூண்டுக் கொட்டகை நெருப்பிலேயே போட்டாள் பொன்னுத்தாய். நாலு பேரும் மூக்கை நீட்டி நின்றார்கள். ஒருவருக்கும் நெடி ஏறவில்லை.

"பாத்தீகளா? நெடியே இல்ல. கண்ணேதான்!"

ஆயிரம் பூண்டுக் கட்டும் ஒரு வண்டி விறகும் ஐந்து நாளாகப் புகைந்துகொண்டிருக்கும் கொட்டகையில் மூன்று மிளகாயின் நெடியை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? இதைக் கேட்க அங்கே ஆளில்லை. கேட்டிருக்க வேண்டியவள், மிளகாய் போட்ட இடத்துக்கு நேர் மேலே இருந்த கழியைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றாள்.

"கந்தம்மாவை நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிருவோம்" என்றான் நல்லசாமி.

ராத்திரிச் சாப்பாட்டில் சண்முகவள்ளி வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே சாப்பிட்டாள். தப்பித்தாயிற்று. யாருக்கும் தெரியாது. சுகன்யாவுக்கு வேறு ஷூ வந்ததும் மறுபடி பாட்டிலும் தடியுமாகப் பின்னால் ஓட வேண்டியதுதான்.

காலை ஏழு மணிக்குக் கந்தம்மாள் தூக்குவாளியோடு வந்தாள்.

"கந்தம்மா, இன்னைக்குச் சோலி இல்லத்தா" என்றான் நல்லசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நேத்துப் பாதிக்குமேல கட்டாமக் கெடந்துச்சே?"

"அதான் சொல்றான்ல, இல்லன்னு" என்றாள் பொன்னுத்தாய். கூப்பிடாமலே, கையில் கீரையோடு வந்து நின்றிருந்தாள். "இனி அடுத்தவக பொருளைப் பாத்து வாயப் பொளக்காத. வீட்டுக்கு வீடு உன் கண்ணு விழுந்தா நாங்க எங்க போறது?"

கந்தம்மாள் படியோரம் கிடந்த ஷூவைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சினை மாட்டுக்கு ஒரு தரம், ஒரு கல்யாணத்து வாழைமரம் சாய்ந்ததற்கு ஒரு தரம் என்று ஏற்கெனவே பழகியிருந்தாள். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

சண்முகவள்ளி டீ கிளாஸோடு நின்றாள். இவள் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் தூக்குவாளி, சோறு நிறைந்த தூக்குவாளி, திரும்பிப் போகிற சத்தத்தை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"கந்தம்மாக்கா, நில்லு. அவ கண்ணுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நாந்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஷூவை மாட்டிக்கிட்டு ஓடுனது நான். சேத்துல விட்டதும் நான், கழுவுனதும் நான். காயட்டும்னு பூண்டுக் கொட்டகையில தொங்கவிட்டேன். நீங்க காஞ்ச கட்டையைத் தள்ளுனீக, உருகிப்போச்சு."

நல்லசாமிக்கு ஷூ மறந்துவிட்டது. "ஓடுனியா? எங்க?"

"கவுஞ்சிக்கு."

"கவுஞ்சியில உனக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. சும்மா ஓடுனேன்."

"சும்மாவா?" வீட்டில் திருடு போயிருந்தால்கூட அவன் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான்.

"பாத்தியாடா நல்லசாமி, பொறாமை! வளத்த பிள்ளை மேலயே பொறாமை!" என்றாள் பொன்னுத்தாய்.

"ஆமா சின்னத்தே, பொறாமைதான். இல்லன்னு நான் சொல்லலயே?" சண்முகவள்ளி டீ கிளாஸைப் படியில் வைத்தாள். "அவ வந்து நின்னு மூச்சு வாங்குனா வெந்நி வக்கச் சொல்றீக. நான் மூட்டையை எறக்கிட்டு மூச்சு வாங்குனா இன்னும் நாலு கெடக்குங்கிறீக. அவ ஓடுனா ட்ரெய்னிங்கு, நான் ஓடுனா தொணை. எனக்கு எரிஞ்சுச்சுங்க. எரிஞ்சது என் வயிறு. அதுக்குக் கந்தம்மாக்கா கண்ணை ஏன் நோண்டுறீக?"

கந்தம்மாள் நல்லசாமியிடம் வந்தாள். "அதெல்லாம் உங்க வீட்டுச் சமாச்சாரம். சோலி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு... இருக்குத்தா. உள்ள வா."

அவள் பொன்னுத்தாயைத் தாண்டும்போது நின்றாள். "கீரையை மறைச்சுக்கங்க. நான் பாத்துட்டா வாடிரும்." பதிலுக்குக் காத்திராமல் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

கதவோரம் நின்றிருந்த சுகன்யா மெதுவாக வந்தாள். திட்டப்போகிறாள் என்று சண்முகவள்ளி காத்திருந்தாள்.

"எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க மதினி?"

"மொத பஸ் போனப்புறம்."

"திரும்பி வந்தது?"

"கழுவித் தொங்கவிட்டுட்டு வெளிய வாரேன், பால் வண்டி ஆரன் அடிக்கிறான்."

சுகன்யாவின் உதடு கணக்குப் போட்டது. பஸ் ஆறு ஐந்து. பால் வண்டி ஏழே கால். அதில் கழுவியதற்கும் தேய்த்ததற்கும் கழிக்க வேண்டும். தன் கைக்கடிகாரம் அதே ஒன்பது கிலோமீட்டருக்குக் காட்டியது ஒரு மணி பதினோரு நிமிடம்.

"நெசமாவே கவுஞ்சி வரைக்கும் போனீங்களா? பாதியில திரும்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட முகத்தைச் சண்முகவள்ளி உற்றுப் பார்த்தாள். கன்னம் இறுகி, கண் சிறுத்து, சிரிக்க முயன்று தோற்ற முகம். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு நாளாக அதே முகத்தைத்தான் அவள் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அது இடம் மாறியிருந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, தித்தித்தது.

"டீக்கடை பெஞ்சுல நாலு பேரு இருந்தாக. போயிக் கேளு."

பிறகு சண்முகவள்ளிதான் கேட்டாள். "அந்த ஜனவரி ஓட்டத்துக்கு யாரு வேணாலும் பேரு குடுக்கலாமா?"

சுகன்யா கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் ஒரு சுற்றுத் திருப்பினாள். "குடுக்கலாம். ஆனா நாப்பத்திரண்டு கிலோமீட்டர் மதினி."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்ச வருசம் இங்கருந்து கொடைக்கானலுக்கு உன் பீஸைக் கட்ட நடந்தே வந்தேன். அது என்ன, முப்பதா?"

சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு போனை எடுத்தாள். பேர் என்ற இடத்தில் அவள் விரல் எழுத்தெழுத்தாக, மனமில்லாமல், ஆனால் பிழையில்லாமல் தட்டியது.

"அப்ப ரெண்டு ஜோடி ஷூ வாங்கணுமா?" என்று நல்லசாமி யாரிடமென்றில்லாமல் கேட்டான். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். அது வழக்கமாகச் சண்முகவள்ளி செய்கிற வேலை.

மறுநாள் ஏழு கிலோமீட்டர். சுகன்யா, ஹாஸ்டலில் இருக்கும் பழனிக்குமாரின் பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டாள். சண்முகவள்ளி ரப்பர் செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைச் சுகன்யாவிடம் நீட்டினாள். "தடி என்கிட்ட இருக்கட்டும். இது உன்கிட்ட."

பின்னால் போகும்படி இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஏற்றம் முழுவதும் அவள்தான் முன்னால். பின்னாலிருந்து குரல் வந்தது. "மதினி, ஆரம்பத்துலயே இம்புட்டு வேகம் போகக் கூடாது. கடைசிக்கு மூச்சு இருக்காது."

நல்ல புத்திமதியாகவே இருக்கலாம். சண்முகவள்ளி கேட்கவில்லை. வளைவு தாண்டி உச்சிக்குப் போய்த்தான் வேகத்தைக் குறைத்தாள்.

அங்கிருந்து இறக்கம். இறக்கத்தில் சண்முகவள்ளியின் கால் தானாகவே பின்னுக்குச் சாய்ந்து, குதியை ஊன்றி ஊன்றி இறங்கியது. சுமையோடு இறங்கிப் பழகிய கால். தலையில் ஒன்றுமில்லாத போதும் மூட்டை இருப்பதுபோலவே இறங்கிற்று. பக்கத்தில் ஒரு காற்று கடந்தது. சுகன்யா, முழங்காலைத் தளர்த்தி, உடம்பை முன்னுக்குக் கொடுத்து, உருட்டிவிட்ட கூழாங்கல்போல் கீழே போய்க்கொண்டிருந்தாள். ஒரு திருப்பம் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

மறுபடியும் வயிற்றுக்குள் அந்தச் சூடு.

"ஏ சுகன்யா! எறக்கத்துல எப்படித்தா அப்படி ஓடுற? எனக்கும் சொல்லிக் குடு!"

"மாட்டேன் போங்க மதினி!" என்று கீழிருந்து சத்தம் வந்தது. சிரிப்பா, உண்மையா என்று பிரிக்க முடியாத குரல்.

"சொல்ல மாட்டியா? இரு, வாரேன்!"

சண்முகவள்ளி தடியை ரோட்டோரப் புதரில் விட்டெறிந்தாள். முன்னால் போகிறவளின் முழங்கால் எப்படி மடங்குகிறது, பாதம் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, தன் காலையும் அதேபோல் மடக்கப் பார்த்தாள். இரண்டு எட்டு வந்தது. மூன்றாவதில் தடுமாறினாள். திரும்பவும் மடக்கினாள்.